நிப்பிள் இல்லாத ஜாயிண்டுக்குக் கிரீஸ் அடிப்பது எப்படி? லாரி, பிக்கப் வண்டிகளுக்கு முழுமையான வழிகாட்டி

பட்டறைகளில் கிரீஸ் அடிக்கும் முறை எளிது. நிப்பிள், அதாவது கிரீஸ் உள்ளே போக வைத்த சின்ன முனை, தெரிகிற இடத்தில் கிரீஸ் கன்னை மாட்டி, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிப்பார்கள். கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு), ஷேக்கிள் பின், பிராப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் எல்லாம் இந்த வழக்கத்தால்தான் பல வருடம் ஓடுகின்றன. ஆனால் இப்போது வரும் வண்டிகளில் டை ராட் எண்ட் (இரண்டு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் ராடின் முனை), டிராக் லிங்க் எண்ட் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போகும் ராடின் முனை), பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகியவற்றில் பல நிப்பிள் இல்லாமலேயே வருகின்றன. நிப்பிள் இல்லாததால் கிரீஸ் கன் அவற்றைத் தொடுவதில்லை, கிரீஸ் அடிப்பவரின் கண்ணும் அங்கே நிற்பதில்லை. பிறகு ஒரு நாள் ஸ்டியரிங் ஆட்டம் என்று வண்டி ஷெட்டுக்கு வரும்போது ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே சேறும் துருவும்தான் இருக்கும்.

இந்த ஜாயிண்டுகளுக்கும் கிரீஸ் வைக்க முடியும். ஆனால் நிப்பிளுக்கு அடிப்பதுபோல அடித்தால் நல்ல ஜாயிண்டையும் கெடுத்துவிடுவோம். எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது, எவ்வளவு, எந்த வழியாக என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது

ஒரு டை ராட் எண்டை வெட்டிப் பார்த்தால், பளபளப்பாகத் தேய்த்த எஃகு உருண்டை ஒன்று கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். உருண்டையிலிருந்து ஒரு கழுத்து, கழுத்திலிருந்து கூம்பு வடிவத் தண்டு, தண்டின் முனையில் மரை. அந்தக் கூம்புத் தண்டு, சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் ஆர்மின் ஓட்டையில் இறுகி உட்காரும்.

பழைய வகையில் உருண்டை நேரடியாக எஃகுக் கிண்ணத்தில் உரசும், அடியில் ஒரு ஸ்பிரிங் அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். இரும்பும் இரும்பும் உரசுவதால் அடிக்கடி கிரீஸ் வேண்டும். அதற்காகத்தான் நிப்பிள். இன்று நாம் பயன்படுத்தும் நிப்பிளின் வடிவத்துக்கு ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் செர்க் 1929-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் நிப்பிளையே இன்றும் அவர் பெயரால் அழைக்கிறார்கள்.

புதிய வகையில் உருண்டைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே வழுவழுப்பான, கெட்டியான பிளாஸ்டிக் இருக்கை உண்டு. உருண்டை அதில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டு, தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, அடிமூடியை அழுத்தி மடித்து நிரந்தரமாக மூடிவிடுகிறார்கள். மேலே ஒரு ரப்பர் பூட். அதன் அகலமான வாயை வெளிக்கூட்டில் ஒரு கம்பி வளையம் பிடித்திருக்கும். குறுகலான வாய் தண்டின் கழுத்தைக் கவ்வி, ஆர்மின் முகத்தில் அழுந்தி நிற்கும்.

இந்த வகை ஜாயிண்ட் கிரீஸ் தீர்ந்துபோய்ச் சாவது அபூர்வம். பெரும்பாலும் தண்ணீர் புகுந்துதான் சாகிறது. பூட்டின் குறுகலான வாய் வழியாகவோ ஒரு சின்ன வெடிப்பு வழியாகவோ ஈரம் உள்ளே போகும். உருண்டையின் கழுத்துப் பக்கம் முதலில் துருப்பிடிக்கும், துரு புள்ளிப் புள்ளியாகப் பள்ளம் தோண்டும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்தக் கரடுமுரடான இடம் அரம்போல பிளாஸ்டிக்கை ராவிக்கொண்டே இருக்கும். இருக்கை தேய்ந்த அளவுக்கு ஆட்டம். ஆகவே நாம் வைக்கப்போகும் கிரீஸின் முதல் வேலை, பூட்டுக்குள் தண்ணீருக்கு இடமில்லாமல் செய்வதும், கழுத்தின் மேல் ஒரு படலமாக நிற்பதும்தான். உருண்டைக்கும் இருக்கைக்கும் நடுவே அது தள்ளிக்கொண்டு நுழையாது. ஸ்டியரிங் ஆடும்போது மெல்லிய படலமாக உள்ளே இழுபடும், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால், எவ்வளவு கிரீஸ் போதும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

முதலில் வண்டிக்குக் கீழே ஒரு சுற்று பாருங்கள். முன் ஆக்சில் ஒரே பீமாக இருக்கும் லாரியில் டிராக் லிங்கின் இரண்டு முனை, டை ராடின் இரண்டு முனை என்று நான்கு ஜாயிண்டாவது இருக்கும். முன்னால் இரண்டு ஸ்டியரிங் ஆக்சில் உள்ள பெரிய டாரஸ் வண்டிகளில் இரண்டாவது ஆக்சிலுக்குப் போகும் ராடுகளும் சேர்வதால் எண்ணிக்கை கூடும். உட்புறம் சேசிஸ் ஓரமாக ஒளிந்திருக்கும் ஜாயிண்டுகளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் பிக்கப் என்றால் மேல், கீழ் பால் ஜாயிண்டுகள், வெளி டை ராட் எண்ட், ஸ்டெபிலைசர் லிங்க். ரேக் ஸ்டியரிங் உள்ள வண்டியில் உள் முனை, மடிப்பு மடிப்பான நீளப் பூட்டுக்குள் இருக்கும். கிரீஸ் கன் முனையில் மாட்டும் ஊசி நாசிலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதனால் இந்த உள் முனையைத் தொட வேண்டாம்.

நிப்பிள் இல்லாத எல்லாமே கிரீஸ் கேட்கும் ஜாயிண்ட் இல்லை. டார்க் ராட் புஷ், வி-ராட் புஷ், ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் புஷ், பல வண்டிகளில் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) கண்ணில் வரும் ரப்பர் புஷ் ஆகியவை ரப்பர் முறுக்கிக்கொடுத்து வேலை செய்பவை. அங்கே உரசல் கிடையாது, கிரீஸும் கிடையாது. கிரீச்சென்று சத்தம் வருகிறதே என்று சாதாரண கிரீஸையோ பழைய ஆயிலையோ ஊற்றினால் ரப்பர் ஊதிப் பிதுங்கிவிடும்.

கிங் பின்னுக்கு நிப்பிள் உண்டு, எனவே இங்கே விரிவாகச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஆக்சிலை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் தரையை விட்டு எழும்பிய நிலையில் அடித்தால்தான் பாரம் தாங்கும் முகங்களுக்கு நடுவிலும் கிரீஸ் போகும்.

கிரீஸுக்கு முன் ஆட்டம் பாருங்கள்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். கிரீஸ் வைத்த பிறகு ஜாயிண்ட் கொஞ்ச நாள் இறுக்கமாகத் தெரியும், சத்தமும் அடங்கும். உள்ளே இருக்கும் தேய்மானம் மட்டும் அப்படியே இருக்கும். தேய்ந்த ஜாயிண்டில் கிரீஸ் வைத்து ஆட்டத்தை மறைப்பது ஆபத்தான வேலை. கூட்டிலிருந்து உருண்டை கழன்றுவிட்டால் ஸ்டியரிங் கையில் இருக்கும், சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும்.

வண்டியைச் சமதளத்தில், முன் சக்கரங்கள் தரையில் பாரம் தாங்கியபடி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக ஆட்டட்டும். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டியிருக்கும். அப்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கீழே இருப்பவர் சொல்லாமல் உள்ளே இருப்பவர் எதையும் தொடக் கூடாது. நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்டிலும் கையை வைத்து, ஒரு விரல் வெளிக்கூட்டிலும் இன்னொரு விரல் ஆர்மிலும் படும்படி பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக நகர்ந்தால் நல்லது. ஒன்று கிளம்பிய பிறகு இன்னொன்று தாமதமாகக் கிளம்பினால், அல்லது விரலில் ஒரு தட்டல் உணர்ந்தால், உள்ளே ஆட்டம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும்.

பிக்கப்பின் பால் ஜாயிண்டைப் பார்க்கும் முறை வேறு. ஸ்பிரிங்கின் பாரம் எந்த ஜாயிண்டில் விழுகிறதோ அதிலிருந்து பாரத்தை எடுத்தால்தான் ஆட்டம் தெரியும். ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, டயருக்கு அடியில் டயர் லீவரைக் கொடுத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர்வரை அனுமதி என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 98-ஆவது விதி, ஸ்டியரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. ஸ்டியரிங் இணைப்புகளின் பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், இணைப்பில் போட்ட போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆனால் 30 டிகிரி என்பது ஸ்டியரிங் பாக்ஸ் உட்பட மொத்தத்துக்கும் சேர்த்துச் சொன்ன வெளி எல்லை. அதற்குள் இருக்கிறதே என்று தட்டுகிற டை ராட் எண்டை விட்டுவைக்கக் கூடாது.

அடுத்து பூட். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து ஒருமுறை, மறுபக்கம் ஒடித்து ஒருமுறை, டார்ச் அடித்து மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். நேராக நிற்கும்போது வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். பார்த்த பிறகு முடிவு இப்படி: ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும், வேறு பேச்சில்லை. ஆட்டம் இல்லை, பூட்டும் நன்றாக இருக்கிறது என்றால் கழற்றாமலே ஊசி நாசிலால் கொஞ்சம் கிரீஸ் வைக்கலாம். ஆட்டம் இல்லை, ஆனால் பூட் கிழிந்திருக்கிறது என்றால் கழற்றித் திறந்து பார்க்க வேண்டும். கிழிந்த பூட்டுக்குள் வெளியிலிருந்து கிரீஸைத் திணிப்பது, உள்ளே போன மண்ணைப் பத்திரமாகப் பூட்டிவைப்பதற்குத்தான் உதவும்.

எந்தக் கிரீஸ்

கிரீஸின் கெட்டித்தன்மையை என்எல்ஜிஐ (அமெரிக்காவின் கிரீஸ் துறை அமைப்பு) வகுத்த எண்ணால் சொல்வார்கள். 25 டிகிரி செல்சியஸில், கலக்கிய கிரீஸுக்குள் ஒரு கூம்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பது அந்த முறை. 2-ஆம் எண் கிரீஸில் 26.5 முதல் 29.5 மி.மீ. வரை இறங்கும், 3-ஆம் எண்ணில் 22 முதல் 25 மி.மீ. வரைதான். நமக்கு வேண்டியது 2. பட்டறைகளில் ஏபி-3 என்று வாங்கி வைத்திருப்பது 3-ஆம் எண். வீல் பேரிங்குக்கு அது சரி. ஊசி நாசில் வழியாக நகர அது அடம் பிடிக்கும், சின்ன ஜாயிண்டுக்குள் பரவவும் செய்யாது.

எண்ணைவிட முக்கியமானது கிரீஸ் எதனால் ஆனது என்பது. கிரீஸ் என்பது எண்ணெய், அதைப் பிடித்துவைக்கும் ஒரு கெட்டிப்பொருள், சில சேர்மானங்கள். கெட்டிப்பொருள்தான் இனத்தைத் தீர்மானிக்கிறது: லித்தியம், லித்தியம் காம்ப்ளெக்ஸ், கால்சியம் சல்ஃபோனேட், அலுமினியம் காம்ப்ளெக்ஸ், பாலியூரியா. லித்தியம் கிரீஸுக்கு 1942-இல் கிளாரன்ஸ் எர்ல் காப்புரிமை பெற்றார், அதிலிருந்து இன்றுவரை சந்தையில் பெரும்பங்கு அதற்குத்தான். ஒத்துப்போகாத இரண்டு இனம் கலந்தால் கெட்டிப்பொருள் எண்ணெயைப் பிடித்துவைக்க முடியாமல் போய், கிரீஸ் தண்ணீராக ஒழுகிவிடும் அல்லது கட்டியாகிவிடும். பாலியூரியாவும் சாதாரண லித்தியமும் பொதுவாகச் சேராது. அலுமினியம் காம்ப்ளெக்ஸும் லித்தியமும் சேராது. நிறத்தைப் பார்த்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் தயாரிப்பாளர் போடும் சாயம்.

கழற்றாமல் வைக்கும்போது உள்ளே என்ன கிரீஸ் இருக்கிறது என்று தெரியாது. ஜாயிண்ட் கம்பெனியின் குறிப்பில் பெயர் இருந்தால் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் லித்தியம் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ் 2-ஆம் எண்ணே என் தேர்வு. கலப்பதில் ஆபத்து குறைவாக இருக்கவும் கொஞ்சமாகத்தான் வைக்க வேண்டும். சேற்றிலும் தண்ணீரிலும் நிற்கும் வண்டிக்கு, ஜாயிண்டைக் கழற்றிப் பழையதை முழுக்க எடுத்துவிட்டு வைப்பதாக இருந்தால், கால்சியம் சல்ஃபோனேட் மிக நல்லது. தண்ணீரை எதிர்ப்பதிலும் துருவைத் தடுப்பதிலும் அதற்கு இணை குறைவு. மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸ், இரும்போடு இரும்பு உரசும் பழைய வகை ஜாயிண்டுக்கும் கிங் பின்னுக்கும் பொருத்தம். பிளாஸ்டிக் இருக்கை உள்ள ஜாயிண்டுக்கு அதன் தேவை இல்லை.

கழற்றாமல், ஊசி நாசிலால்

கிரீஸ் கன் முனையில் மாட்டும் ஊசி நாசில் ஆட்டோமொபைல் கடைகளில் கிடைக்கும். வாங்கியதும் முனையைப் பாருங்கள். கூராக இருந்தால் மெல்லிய அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்து மழுங்கவையுங்கள். ரப்பரைக் குத்துவது நம் நோக்கம் இல்லை. பூட்டில் ஊசியைக் குத்தி கிரீஸ் ஏற்றிவிட்டு, ஓட்டையைச் சிலிகான் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். பூட் நாள் முழுக்க மடங்கி விரிகிற பொருள், கிரீஸ் பட்ட ரப்பரில் சிலிகானும் ஒட்டாது. அந்த ஓட்டையிலிருந்துதான் கிழிசல் தொடங்கும்.

கன் பற்றி ஓர் எச்சரிக்கை. கையால் இயக்கும் லீவர் கன்கூட 10,000 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் தரக்கூடியது. ஊசி முனைக்கு எதிரே விரலை வைத்தால் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்கும் நிலை வரலாம். அப்படி நடந்தால் பிளாஸ்திரி போட்டுவிட்டு வேலையைத் தொடராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் கிரீஸ் உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ரப்பரைக் கையால் பிடித்துக்கொண்டு அடிக்காதீர்கள்.

உங்கள் கன் ஓர் அழுத்துக்கு எவ்வளவு தருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கன்னில் காற்று இல்லாமல் செய்துவிட்டு, சின்னத் தராசில் ஒரு காகிதம் வைத்துப் பத்து அழுத்து அடித்து எடை பாருங்கள். பொதுவாக ஓர் அழுத்துக்கு ஒரு கிராம் அளவில் வரும், கன்னுக்குக் கன் வித்தியாசம் உண்டு. பிக்கப்பின் டை ராட் எண்ட் பூட்டுக்குள் மொத்தமாகவே சில கிராமுக்குத்தான் இடம் இருக்கும், அதிலும் பெரும்பகுதி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பத்து அழுத்து அடித்தால் என்ன ஆகும் என்று இப்போது புரியும்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, சேசிஸுக்கோ ஆக்சிலுக்கோ ஸ்டாண்ட் கொடுத்து, பாரத்தை ஸ்டாண்டில் இறக்குங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். பூட்டையும் சுற்றுப்புறத்தையும் முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, பிறகு ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் முடியுங்கள். டீசலோ பெட்ரோலோ வேண்டாம். குறிப்பாக ஆர்முக்கும் பூட்டுக்கும் நடுவிலுள்ள கோட்டில் ஒட்டியிருக்கும் மண் முழுக்கப் போக வேண்டும், ஏனென்றால் நாம் நுழையப்போகும் வாசல் அதுதான்.

பூட்டின் குறுகலான வாயை ஒரு மழுங்கிய பிளாஸ்டிக் பட்டையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். மெத்தென்று எழுந்தால் இந்த முறை சரிப்படும். வாய்க்குள் எஃகு வளையம் இருந்து, ஆர்மோடு இறுகி நின்று எழவே மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள், அந்த வகைக்குக் கழற்றித்தான் வைக்க வேண்டும்.

வாய் எழுந்தால், ஊசியை நுழைக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு கேபிள் டையின் வால் முனையை வாய்க்கு அடியில் செருகுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேற அது வழி விடும். அது இல்லாமல் அடித்தால் காற்றும் கிரீஸும் சேர்ந்து பூட்டை ஊதவைத்து, அகலமான வாயைப் பிடித்திருக்கும் வளையத்தைத் தள்ளிவிடும். இப்போது ஊசி முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, தண்டின் கழுத்தை ஒட்டியபடி சாய்வாக, வாய்க்கு உள்ளே சில மி.மீ. மட்டும் நுழையுங்கள். முனை தண்டைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும், ரப்பர் மடிப்பை நோக்கிப் போகக் கூடாது.

ஓர் அழுத்து, மெதுவாக. சில விநாடி நில்லுங்கள். கேபிள் டை பக்கம் காற்று வருகிறதா, கிரீஸ் வருகிறதா என்று பாருங்கள். அடுத்த அழுத்து. பூட்டின் மடிப்பு லேசாக அசைந்தாலோ, எதிர்ப்பக்கம் கிரீஸ் எட்டிப் பார்த்தாலோ நிறுத்திவிடுங்கள். பூட் பந்துபோல உப்பினால் ஏற்கெனவே அதிகம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது ஊசியை எடுத்துவிட்டு, கேபிள் டையை அப்படியே வைத்து, பூட்டைத் துணியால் மெல்ல அமுக்கி மிச்சத்தை வெளியே விடுங்கள். முழுக்க நிரம்பிய பூட்டுக்கு மடங்க இடம் இருக்காது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது அதுவே தன் வாயைத் திறந்துகொள்ளும், பிறகு மழைத் தண்ணீருக்குக் கதவு திறந்த மாதிரிதான்.

வெளியே எட்டிப் பார்த்த கிரீஸை விரலில் தேய்த்துப் பாருங்கள், அது உள்ளே நடப்பதைச் சொல்லும். வழுவழுவென்று, மண் இல்லாமல் இருந்தால் ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது. பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. செம்பழுப்பாக, கரகரவென்று இருந்தால் துரு. இந்த இரண்டில் எதைப் பார்த்தாலும் அதோடு திருப்திப்பட்டுவிடாமல், கழற்றிப் பார்க்க நாள் குறியுங்கள்.

ஊசியையும் கேபிள் டையையும் எடுத்துவிட்டு, பூட்டின் வாய் தண்டைச் சுற்றி ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் முழுக்க, அந்தப் பக்கம் முழுக்க, சில முறை ஒடித்து விடுங்கள். அப்புறம் வெளியே கசிந்ததைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் கிரீஸ் மணலைச் சேர்த்துவைப்பதைத் தவிர எதுவும் செய்யாது.

கழற்றி வைப்பது

பூட் கிழிந்து, ஆட்டம் இல்லாத ஜாயிண்டுக்கும், வாய் எழாத வகைக்கும் இதுதான் வழி. பிக்கப்பின் டை ராட் எண்டும் லாரியின் டை ராட் எண்டும் கழற்றும் முறை ஒன்றுதான், லாரியில் நட்டும் புல்லரும் பெரிசு, பிடிவாதமும் அதிகம்.

ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, பள்ளம் வெட்டிய நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் சில மரை பிடித்திருக்கும்படி விடுங்கள். தண்டு திடீரென்று கழன்றால் ராட் கீழே விழாது. கூம்பை விடுவிக்கத் திருகு வைத்த புல்லர் பயன்படுத்துங்கள். கவை மாதிரி இருக்கும் கருவியை அடித்து நுழைத்தால் பூட் நிச்சயம் கிழியும். புல்லரை இறுக்கிவிட்டு ஆர்மின் கண்ணுக்குப் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். கேஸ் கட்டிங் நெருப்பைக் காட்டாதீர்கள். ரப்பரும் பிளாஸ்டிக் இருக்கையும் வெந்துவிடும், மூடிய கூட்டுக்குள் சூடான கிரீஸ் வெடித்துத் தெறிக்கவும் கூடும்.

தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். நல்ல ஜாயிண்ட் இறுக்கமாக, ஒரே சீராக நகரும், விட்ட இடத்தில் நிற்கும். தன் எடைக்குத் தானே தொப்பென்று சாய்ந்தால் அதன் காலம் முடிந்தது. சில இடத்தில் இறுகி, சில இடத்தில் தளர்ந்தாலும் அப்படியே.

தேறினால், அகலமான வாயின் வளையத்தை எடுத்துப் பூட்டைக் கழற்றுங்கள். பழைய கிரீஸைப் பஞ்சு போகாத துணியால் துடைத்து எடுங்கள். தண்டை எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து, வெளியே வருவதை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவும் பழக்கம் இங்கே உதவாது. மண்ணெண்ணெய் இருக்கைக்கு அடியில் தங்கிப் புதுக் கிரீஸை நீர்க்கவைத்துவிடும், அதோடு மண்ணையும் உள்ளே அடித்துப்போகும். உருண்டையின் கழுத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நகத்தால் வருடும்போது ஒரு பள்ளம் தட்டுப்பட்டாலும் அந்த ஜாயிண்ட் வேண்டாம், புதுப் பூட் போட்டாலும் அது இருக்கையைத் தின்றுவிடும்.

புதுக் கிரீஸைக் கழுத்தைச் சுற்றி விரலால் அழுத்தி வைத்து, தண்டைச் சுழற்றி, மறுபடி வையுங்கள். பூட்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும். புதுப் பூட், புது வளையம் போட்டு மாட்டுங்கள். கூம்பிலும் ஆர்மின் ஓட்டையிலும் துளி கிரீஸ் இருக்கக் கூடாது. அந்தப் பொருத்தம் காய்ந்த உலோகத்தின் பிடிமானத்தால்தான் நிற்கிறது. இரண்டையும் சுத்தமாகத் துடைத்துச் சேர்த்து, சர்வீஸ் புத்தகம் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் விசை அளவு) இறுக்குங்கள். ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேருக்கு வரவில்லை என்றால் அடுத்த பள்ளம்வரை இறுக்க வேண்டும், ஒருபோதும் பின்னால் தளர்த்தி நேராக்கக் கூடாது. பின் புதுசாக இருக்கட்டும். நைலான் வளையம் வைத்த லாக் நட் என்றால் நட்டும் புதுசு.

கூம்பை மட்டும் கழற்றி மாட்டியிருந்தால் ராடின் நீளம் மாறாது, வீல் அலைன்மென்ட் தேவையில்லை. டை ராட் எண்டையே திருகிக் கழற்றியிருந்தால் எத்தனை சுற்று என்று எண்ணி வைத்திருந்தாலும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

துளை போட்டு நிப்பிள் வைக்கலாமா

அடிமூடியில் 5 மி.மீ. துளை போட்டு, 6 மி.மீ. மரை வெட்டி, நிப்பிளைத் திருகிவிடும் வேலையைச் சில பட்டறைகளில் செய்கிறார்கள். என் கருத்து: வேண்டாம். துளையிடும் உலோகத்தூள் உள்ளே விழுந்து பிளாஸ்டிக் இருக்கையில் புதைந்து, உருண்டையைக் கீறும். அழுத்தி மடித்த மூடியின் பலமும் குறையும். அந்த மூடிதான் உருண்டையைக் கூட்டுக்குள் பிடித்துவைக்கிறது. சில ஜாயிண்டுகளில் மூடியில் மரை வெட்டி ஒரு சின்னத் திருகு மட்டும் போட்டு வரும். அதை எடுத்து நிப்பிளை மாட்டுவது வேறு விஷயம், அதற்காகவே செய்த வழி. அதிலும் இரண்டு மூன்று அழுத்தோடு நிறுத்துங்கள்.

மாற்றும் நாள் வரும்போது எந்த வகை வாங்குவது என்று யோசியுங்கள். ஒவ்வொரு கிரீஸ் நாளிலும் தவறாமல் கன் பிடிக்கும் ஆள் உங்களிடம் இருந்தால், உங்கள் வண்டிக்கு நிப்பிள் வகை கிடைத்தால், அதை வாங்குங்கள். சேற்றில் ஓடும் வண்டிக்கு, உள்ளே போன அழுக்கைப் புதுக் கிரீஸ் வெளியே தள்ளும் வசதி பெரிய லாபம். கவனிக்க ஆள் இல்லாத வண்டிக்கு மூடிய வகைதான் நல்லது. நிப்பிள் இருந்தும் கிரீஸ் காணாத ஜாயிண்ட், மூடிய ஜாயிண்டைவிடச் சீக்கிரம் தேயும்.

தண்ணீர், டீசல், பழைய ஆயில்

வாட்டர் சர்வீஸ்தான் பூட்டுக்குப் பெரிய எதிரி. அதிக அழுத்தத் தண்ணீரைப் பூட்டின் வாய்க்கு நேராகக் காட்டினால் எந்த ரப்பரும் தாங்காது. வண்டி ஓடி வந்த சூட்டில் கழுவுவது இன்னும் மோசம். உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது வெளியே நிற்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வண்டி ஆறட்டும். தண்ணீர்க் கன்னைத் தூரப் பிடித்து, ஜாயிண்டுகளைச் சாய்வாக மட்டும் கழுவச் சொல்லுங்கள்.

கழுவிய பிறகு அடியில் டீசல் அடிப்பதும், துருப்பிடிக்காமல் இருக்கப் பட்டைகளுக்குப் பழைய எஞ்சின் ஆயில் அடிப்பதும் நம் ஊரில் வெகு காலமாக நடக்கிறது. டீசல் ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும், பிறகு காய்ந்து வெடிக்கும். இந்த வழக்கத்தை விட முடியாது என்றால் முதலில் ஜாயிண்டுகளுக்குப் பிளாஸ்டிக் பை கட்டிவிட்டாவது அடிக்கச் சொல்லுங்கள்.

எப்போது

பூட்டைப் பார்ப்பது கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும். வண்டிக்குக் கீழே ஏற்கெனவே இறங்கியாயிற்று, டார்ச் அடித்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. ஊசியால் கிரீஸ் வைப்பது தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. நம் பக்கத்தில் அதற்கு நல்ல நேரம் ஆயுத பூஜை. எப்படியும் வண்டியைக் கழுவிச் சுத்தம் செய்வோம், வடகிழக்குப் பருவமழை அதற்கடுத்துத்தான் வரும். கழுவி, ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் வையுங்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி வட மாநிலங்கள்வரை போகும் போர்வெல் ரிக் வண்டிகள், தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் லாரிகள், குவாரியிலிருந்து ஜல்லி அடிக்கும் டிப்பர்கள் இவற்றின் கணக்கு வேறு. ரிக் வண்டி, தான் போட்ட துளையிலிருந்து பீறிடும் சேற்றிலேயே நிற்கிறது. உப்போ துருவை வேகப்படுத்துகிறது. இவற்றுக்கு ஒவ்வொரு மாதமும் பூட்டைத் துடைத்துப் பார்த்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஓரிரண்டு அழுத்து கிரீஸ் வைக்கலாம். ஆறு, ஓடை என்று சக்கரம் முழுகும் அளவுக்குத் தண்ணீரில் இறங்கி ஏறியிருந்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

எந்த ஜாயிண்டில், எந்தக் கிரீஸ், எத்தனை அழுத்து, வெளியே வந்தது என்ன நிறம் என்று வண்டியின் சர்வீஸ் நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். அடுத்த முறை வேறொரு பட்டறையில் வேறொருவர் கன்னோடு கீழே இறங்கும்போது, உள்ளே இருப்பது லித்தியமா கால்சியமா என்பது அவருக்கு அந்த வரியிலிருந்துதான் தெரியும்.